தாத்தா பெயரைச் சொன்னதில்

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நானும் ஸ்டமாத்தியாவும் தனியாக எங்கும் போனதில்லை. இந்த ஆகஸ்டில் நக்ஸோஸ் தீவில் ஐந்து நாள், கடலைப் பார்த்த சின்ன அறை, நாளுக்கு ஐம்பது யூரோவுக்கு மேல் கிடையாது என்று முடிவு செய்தோம். விடுதிக்காரி கலிரோயி ஃபோனில் எழுபதில் நின்றாள்.

“அறுபத்தஞ்சு. அதுவும் உன் குரல் நல்லா இருக்குங்கறதால.”

“அம்பதுன்னா இன்னும் இனிக்கும்க்கா,” என்றாள் என் மனைவி.

“சரி, நீ யார் வீட்டுப் பொண்ணு?” தீவில் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

பேரத்தில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன். “தாத்தா ஊரைச் சொல்லு, விலை இறங்கும்,” என்று கிசுகிசுத்தேன். அவளும் சொன்னாள்: அதே தீவின் அபிராந்தோஸ் கிராமம், கொல்லர் மனோலிஸ்.

“மனோலிஸ் பேத்தியா! அவரும் எங்கப்பாவும் பங்காளிங்கடீ! உங்கிட்ட வாடகை வாங்கினா ஊரு காறித் துப்பாது?”

நான் மனைவியின் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

“அறைய ஒரு ஜெர்மன்காரனுக்குக் கொடுத்துடறேன். நீங்க நம்ம வீட்டுக்கே வந்துடுங்க. மாதா பண்டிகைக்கு மொத்தம் பதினோரு பேர். நீ பொம்பளைங்களோட படுத்துக்கோ, உம் புருஷன் கூடத்துல எங்கப்பாவோட. கொஞ்சம் குறட்டை விடுவாரு.”

ஸ்டமாத்தியா என்னை முறைத்தபடி, “அக்கா, எழுபதே கொடுத்துடறேனே,” என்று கெஞ்சினாள்.

“சொந்தக்காரிகிட்ட காசு பேசறியா? வெக்கமா இல்ல?”

ஐந்து நாளும் எங்களுக்கு ஒரு காசு செலவில்லை. என் மனைவியைச் சாப்பாட்டு மேசையில் மட்டும் பார்த்தேன், ஒன்பது பேருக்கு அப்பால்.