தேதி நகர்ந்த வருடம்

சின்னவன் வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கடிதம் இல்லை, போன் இல்லை. அவன் விட்டுப்போனது ஓர் இணைய முகவரி மட்டும். காலேஜில் படிக்கும்போது தன் செல்லப்பெயரில் வாங்கியது. திறந்தால் கோணல்மாணலாக ஒரு சைக்கிள் படம், கீழே ‘வேலை நடக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்’ என்று ஒரு வரி. வேலை நடந்த லட்சணம் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அதை வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் கைவிட்டுப் போய்விடும். எந்தத் தேதிவரை செல்லும் என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். வருடந்தோறும் அவன் அக்கா பெரியவள் பார்த்து அம்மாவிடம் சொல்வாள். தேதி ஒரு வருடம் தள்ளிப் போயிருக்கும். கட்டுகிறவன் உயிரோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிடுவாள்.

இந்த வருடம் தேதி நகரவில்லை.

பெரியவளுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துக்கொண்டே மணிக்கொரு தரம் போனை எடுத்துப் பார்த்தாள். சைக்கிள் போய், அந்த இடத்தில் செருப்பு விளம்பரம் வந்திருந்தது. கெடு முடிந்த முப்பத்தெட்டாம் நாள், பொறுக்க முடியாமல், முகவரியைப் பதிவு செய்திருந்த கம்பெனிக்கே போன் போட்டாள்.

“இன்னும் ஏழு நாள்தாங்க இருக்கு,” என்றார் எதிர்முனையில் இருந்த ஊழியர். “அதுக்கப்புறம் மீட்கறது குதிரைக்கொம்பு. யார் வேணா எடுத்துக்குவாங்க.”

“என் தம்பியோடதுங்க. எங்க இருக்கான்னு தெரியல. வருஷா வருஷம் அவன்தான் கட்டிட்டு இருந்தான்.”

கொஞ்ச நேரம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

“அப்படித் தெரியலையே மேடம். அவர் கணக்குக்குள்ள யாரும் வந்தே ஒன்பது வருஷம் ஆச்சு. வெளியில இருந்து வேற யாரோ கட்டியிருக்காங்க. புதுப்பிக்க யார் வேணாலும் கட்டலாம்.”

“யாருங்க அது?”

“பேரைச் சொல்லக்கூடாதுங்க. போன் நம்பரோட கடைசி நாலு இலக்கம் வேணா சொல்றேன்.”

சொன்னார். அப்பாவின் நம்பர். ஆறு மாதம் முன்பு அவர் இறந்தபோது பெரியவளே போய் ரத்து செய்துவிட்டு வந்த நம்பர்.

‘என் மூஞ்சிலேயே முழிக்காதே’ என்று மகனைத் துரத்தியவர் அவர்தான். அதன்பின் அந்தப் பேச்சை எடுத்தாலே செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்வார். கல்லுளிமங்கன்! ஒன்பது வருடம் வாயே திறக்காமல் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார். பெரியவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்துப்போனவரிடம் போய் என்ன சண்டை போடுவது?

அம்மா ஐந்து வாரமாகப் பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறாள். இந்த ஒரு வருடம் மட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, பெரியவளே பணத்தைக் கட்டினாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, தேதி நகர்ந்துடுச்சு.”

“நிஜமாவா? நீயே பாத்தியா?”

“பாத்தேன்மா. அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு.”

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தனை வருஷமும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம். உங்கப்பாதான் கட்டறாரோன்னு. கேக்க பயம். ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றது? அவர் போனப்பவே நினைச்சேன், இந்த வருஷம் தெரிஞ்சுடும்னு.” மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “அவர் இல்ல. அப்பவும் நகர்ந்திருக்கு பாரு. அப்போ என் புள்ள இருக்கான்டி. நிஜமாவே இருக்கான்.”

பெரியவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அம்மா எழுந்து, துவைத்த விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு சின்னவனின் அறைக்குப் போனாள். கட்டிலின் மேல் அதை உதறினாள்.

“அந்த முனையைப் பிடி,” என்றாள்.

பெரியவள் பிடித்தாள்.