ஒற்றைவாசல் நாட்டுக்கு ஒரு கலகம்

எங்கள் விளையாட்டில் ஆள்வதற்கு இருநூற்றுப் பத்து நாடுகள் இருக்கின்றன. அது போதாதென்று தினமும் யாராவது எழுதிக்கொண்டே இருப்பார்கள். இந்தத் தீவை விட்டுவிட்டீர்கள், அந்தக் கோட்டைக்கு யானைப்படை கொடுங்கள், என் சொந்த ஊர் ஒரு காலத்தில் பேரரசாக இருந்தது தெரியுமா என்று. கணினியில் ஒரு பழைய நாட்டைத் தேர்ந்தெடுத்து முந்நூறு வருஷம் ஆளுகிற விளையாட்டு அது. ஆட்டக்காரர்கள் எங்கள் தளத்தில் எழுதும் யோசனைகளைப் படித்து, தேறுவதை எடுத்துக்கொண்டு, தேறாததற்கு ஏன் தேறாது என்று பதில் எழுதுவது என் வேலை. பதினொரு வருஷமாகச் செய்கிறேன். எனக்கு நாக்கு நீளம் என்று ஆபீசில் சொல்வார்கள். பொய்யில்லை.

ஒற்றைவாசல் என்ற நாட்டுக்கான யோசனை ஆறு வாரத்துக்கு முன்னால் வந்தது. மூன்று மாகாணங்கள். ஒரே வாசல், திறவுகோல் அரசனிடம். படை இல்லை, தூதர் இல்லை. மக்கள்தொகை 2. எங்கள் விளையாட்டில் மக்கள்தொகையை ஆயிரக் கணக்கில்தான் எழுதுவோம். அதனால் அதை இரண்டாயிரம் என்று நானே எடுத்துக்கொண்டேன். நாட்டின் சிறப்புத் திறன்கள் என்ற இடத்தில் மூன்று வரி இருந்தது: ஓசையில்லாமல் நடத்தல், அரசன் வருவதைச் சத்தத்தை வைத்தே அறிதல், உணவை ஒளித்து வைத்தல்.

படித்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. யானை கேட்கிற கூட்டத்தில் இப்படி ஒன்று வருவது அபூர்வம். வரலாற்றுச் சான்று என்ன என்று கேட்டேன். "நேரில் பார்த்தது" என்று பதில் வந்தது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய நாட்டை நேரில் பார்த்த கிழவி யாரோ என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி ஒரு பதில் எழுதினேன். "நாடு மிகவும் அடங்கிக் கிடக்கிறது. இப்படி ஒரு நாட்டை யாரும் ஆட மாட்டார்கள். கலகம் ஒன்று சேர்க்கவும். படை இல்லாத நாடு அரசனை வாசலில்தான் மடக்க முடியும். அவன் பூட்டைத் திறந்து உள்ளே வரும் நேரம் பார்த்துப் பாயட்டும். சோதித்துப் பார்த்துவிட்டு எழுதவும்." அனுப்பிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு இரண்டாவது பதிப்பு வந்தது. ஒரு கையில் காபி டம்ளரோடு படித்தேன்.

"தாங்கள் சொன்னபடி கலகத்தைச் சோதித்துப் பார்த்தேன். தோல்வி. அரசன் தயாராக வந்திருந்தான். அரசியால் வலது கையை இன்னும் தூக்க முடியவில்லை. அதனால் ஒரு மாதம் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். இளவரசி பேசுவதை நிறுத்திவிட்டாள். இந்த முறை படைக்கு ஒரு கத்தி கிடைத்திருக்கிறது. இன்று மாலை ஆறு மணிக்கு, தாங்கள் சொன்ன அதே இடத்தில். இடது கை போதுமா என்று சொல்லவும்."

இரண்டு முறை படித்தேன். பிறகு பழைய பதிவைத் திறந்து மக்கள்தொகை என்ற வரியைப் பார்த்தேன். இரண்டாயிரம் இல்லை. இரண்டு. ஒரு அம்மா, ஒரு பெண் குழந்தை. மூன்று மாகாணம் என்பது மூன்று அறை. டம்ளரை மேஜையில் வைக்கப் போய் விசைப்பலகை மேல் வைத்தேன். காபி எல்லாம் கொட்டியது. ஒரு பெண்ணைப் பூட்டி வைத்திருக்கிறான் ஒருவன். அவனை வாசலில் மடக்கச் சொன்னது நான். அவள் மடக்கியிருக்கிறாள்.

உடனே "நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்களா? முகவரி சொல்லுங்கள், போலீசை அனுப்புகிறோம்" என்று அடித்தேன். அனுப்பும் முன் பூட்டைக் கூப்பிட்டேன். பூட்டு என்பது எங்கள் பயனர் கணக்குகளைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆபீஸ் வைத்த பெயர். யார் கேட்டாலும் யாரைப் பற்றியும் ஒரு தகவலும் தர மாட்டார். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தவர் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து கணக்கைத் திறந்தார்.

"அத அனுப்பாதீங்க," என்றார். "கணக்கு ஒரு ஆம்பள பேர்ல இருக்கு. அங்கேருந்து எழுதறது மெயில்ல போகாது, ஆனா நீங்க எழுதுற ஒவ்வொரு பதிலும் அப்படியே அந்த ஆளோட மெயிலுக்குப் போகும்."

"அப்ப போன தடவ எழுதினது?"

"அதுவும்தான்."

அதனால்தான் அவன் தயாராக வந்திருக்கிறான். நான் அவளுக்கு எழுதிய யோசனையை அவனும் படித்திருக்கிறான்.

"மெயில் போறத நிறுத்த முடியாதா?"

"நிறுத்தலாம். நிறுத்தினா, உங்க அறிவிப்பு நிறுத்தப்பட்டதுன்னு அவருக்கே ஒரு மெயில் போகும். தானா போற மெயில், என் கையில இல்ல." குரலைத் தாழ்த்தினார். "முகவரியும் நம்மகிட்ட கிடையாது, விளையாட்ட விக்கிறது வேற கடை. எந்த ஊருன்னு மட்டும் சொல்ல முடியும். சொல்லக் கூடாது. சொல்றேன்."

ஊர் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மா நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். விளையாட்டு, நாடு, கலகம் என்று நான் உளறியதில் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"வீடு எங்கம்மா? ஊர் பெரிசு. வீடு தெரியாம நான் யாரை எங்க அனுப்பறது?"

வீட்டைக் கேட்க வேண்டும். கேட்பது அவன் கண்ணில் படும், ஆனால் அவனுக்குப் புரியக் கூடாது. பதினொரு வருஷமாக ஆயிரக்கணக்கான பதில் எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தைக்கும் இப்படிப் பயந்ததில்லை. பூட்டு பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் படித்தார். பக்கத்து மேஜைக்காரி என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல முன்னேற்றம். ஆனால் இந்தப் பலத்தோடு கலகம் வேண்டாம், தள்ளி வைக்கவும். முதலில் ஒற்றைவாசலுக்கு ஒரு நேச நாடு சேர்க்கிறோம். அதன் படையை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய வரைபடம் தேவை. தலைநகரைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று இன்றே எழுதவும்."

அனுப்பினேன். மணி பன்னிரண்டு ஐந்து. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் திரையைப் பார்த்ததுதான். யாரோ சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள், யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் படித்தாளா, அவன் முதலில் படித்தானா, எனக்கு வந்த மாதிரியே அவனுக்கும் சந்தேகம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று மனசு செக்குமாடு போல் அதையே சுற்றியது. ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது.

இரண்டு நாற்பதுக்குப் பதில் வந்தது.

"தலைநகரின் கிழக்கே மரவாடி. காலை எட்டிலிருந்து ரம்பச் சத்தம், அதனால் நாட்டின் குரல் வெளியே கேட்பதில்லை. வடக்கே நீல நிறத் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு உடைந்தது. வாசல் பச்சை இரும்பு, அதில் 17 என்று எழுதியிருக்கும். நேச நாட்டுப் படை ஆறு மணிக்கு முன் வர வேண்டும். வராவிட்டால் பழைய திட்டம்தான். இளவரசிக்கு வயது ஏழு என்பதையும் சேர்த்துக்கொள்ளவும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அழ நேரமில்லை. உதவி எண் அம்மாவுக்கு வரி வரியாக வாசித்தேன். அவர் எழுதிக்கொண்டு, அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் பேசிவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். நாலே காலுக்குக் கூப்பிட்டார். அந்த ஊரில் மரவாடி மட்டும் மூன்று இருக்கிறதாம். ஒன்றைப் பார்த்தாகிவிட்டது, அங்கே தண்ணீர்த் தொட்டி இல்லை. இரண்டாவதற்குப் போகிறார்கள். ஆறு மணிக்குள் ஆகிவிடும், பதறாதீங்க என்றார்.

நாலு முப்பத்தைந்துக்கு அதே கணக்கிலிருந்து இன்னொரு வரி வந்தது.

"திருத்தம்: அரசன் இன்று ஆறு மணிக்கு இல்லை, ஐந்து மணிக்கே வருகிறான்."

பூட்டு குனிந்து பார்த்தார். "இது செல்போன்ல இருந்து வந்திருக்கு. மத்ததெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டர்."

அவளிடம் செல்போன் கிடையாது. தூதர் இல்லை என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தாள். அப்படியென்றால் இதை எழுதியது அவன். எல்லாவற்றையும் படித்துவிட்டான். எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றே எழுதியிருக்கிறான். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டி எழுதியிருக்கிறார்கள், மிரட்டியும் எழுதியிருக்கிறார்கள். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாத இந்த ஒரு வரிக்குப் பயந்த மாதிரி எதற்கும் பயந்ததில்லை.

"அஞ்சு மணிக்காம்," என்று போனில் கத்தினேன். "அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. சீக்கிரம் போகச் சொல்லுங்க. கால்ல விழறேன், சீக்கிரம் போகச் சொல்லுங்க."

"சொல்றேம்மா. போனை வைங்க, நான் பேசணும்."

அவர் வைத்துவிட்டார். ஐந்து மணி ஆனது. ஐந்து பத்து. அந்தத் தளத்தில் மற்றவர்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தன் பேரரசுக்கு இன்னும் நாலு துறைமுகம் கேட்டிருந்தான். அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

ஐந்து இருபத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"மூணாவது மரவாடிக்குப் பின்னால," என்றார் உதவி எண் அம்மா. "நம்ம ஆளுங்களும் அந்த ஆளும் ஒரே நேரத்துல வந்து சேர்ந்திருக்காங்க. வாசலைத் திறந்துட்டு இருந்தான், பின்னாலயே பிடிச்சுட்டாங்க. ஜீப்புல இருக்கான். அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா ஒரு சிக்கல். அந்தம்மா வெளிய வர மாட்டேங்குது. போலீஸ்காரம்மா கூப்பிட்டும் வரல. எழுதின ஆள்கிட்ட பேசணுங்குது. போலீஸ்காரம்மா செல்ல ஸ்பீக்கர்ல போட்டுக் குழந்தை கையில குடுத்திருக்காங்க. இணைப்புத் தரேன், பேசுங்க."

என்னென்னவோ சத்தம். பிறகு மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கலகம் பண்ணச் சொன்னது நீங்களா?"

இளம் குரல். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள்.

"நான்தான்மா," என்றேன். "எனக்குத் தெரியாதும்மா. நெசமா தெரியாது. விளையாட்டுன்னு நெனச்சேன். என்னை மன்னிச்சிருங்க."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும்," என்றாள். "தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்க. ஆனா நீங்க சொன்னதாலதான் செஞ்சேன். அதுவரைக்கும் என்கிட்ட யாரும் எதுவும் செய்யச் சொன்னதில்ல."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"கதவு திறந்துதான் இருக்கு," என்றாள் மெதுவாக. "வெளிய ரெண்டு போலீஸ்காரங்க நிக்கறாங்க. அவர் ஜீப்புல உக்காந்து இந்தப் பக்கமே பாக்கறாரு. எனக்குக் கால் வர மாட்டேங்குது. நாலு வருஷமா இந்த வாசப்படிய தாண்டினதில்ல. அடுத்தது என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க."

என் வாயைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு முறை சொன்னதற்கு ஒரு கை போயிற்று, ஒரு குழந்தையின் பேச்சு போயிற்று. பூட்டு என்னையே பார்த்தார். பக்கத்து மேஜைக்காரி, பேசு என்று உதட்டை அசைத்தாள்.

"கத்தி கையில இருக்கா?" என்றேன்.

"இருக்கு."

"அதக் கீழ போடுங்க."

டணார் என்று சத்தம் கேட்டது.

"இப்ப அந்தக் கையால பாப்பா கையப் பிடிச்சுக்குங்க. ஜீப்பைப் பாக்காதீங்க. பாப்பாவ மட்டும் பாருங்க. அவ காலு எங்க வைக்கறாளோ அங்க நீங்களும் வைங்க."

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ரம்பச் சத்தம் கேட்டது. முதலில் தூரத்தில் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது, பிறகு கொஞ்சம் பலமாக, பிறகு போன் முழுக்க அந்தச் சத்தம்தான். அதற்கு நடுவே, ஒரு மாதமாகப் பேசாத குழந்தை அவளிடம் சொல்வது எனக்கு நன்றாகக் கேட்டது.

"அம்மா, செருப்பு போடல."