ருக்குமணியின் அட்டைகள்

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் வாசு சைபர் கஃபே திறந்தான். தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது கையில் கொடுத்த தொகைதான் முதல். கணினியைக் கழற்றி மாட்டத் தெரியுமே தவிர, வருகிறவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியாது. இணையத்தில் இலவச விளையாட்டுகள் கொட்டிக் கிடந்தன. எதை முன்பக்கத்தில் வைப்பது என்று குழம்பிப்போய் அக்கா ருக்குமணியைக் கூப்பிட்டான்.

ருக்குமணிக்கு நாற்பத்தொரு வயது. பல் கிளினிக் ஒன்றில் பெயர் பதிகிற வேலை. தனக்கு விளையாட்டெல்லாம் வராது என்றாள். அதனால்தான் கூப்பிடுகிறேன் என்றான் அவன். கெட்டிக்காரர்கள் வீட்டிலேயே கணினி வைத்திருக்கிறார்கள். இங்கே மாடியேறி வருகிறவர்கள் எல்லாம் உன்னைப் போன்றவர்கள்தான் என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வந்து ஒவ்வொன்றாக விளையாடிப் பார்த்தாள். பார்த்ததை மலாயில் ஓர் அட்டையில் எழுதி, கீழே தமிழிலும் எழுதி, கணினிகளுக்கு மேலே ஒட்டினாள். பாம்பு விளையாட்டைப் பற்றி, 'சாவதற்கு ஒரு நிமிடம், பக்கம் திறப்பதற்கு நான்கு நிமிடம்' என்று எழுதினாள். சொல் தேடும் விளையாட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அமெரிக்காவில் சாப்பிடுகிற பொருள்களின் பெயர்களாகக் கேட்கிறது என்று குறைப்பட்டாள். பல்லாங்குழி மாதிரி ஒன்று இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஏழுக்குப் பதில் ஆறு குழிதான், சோழி விழுகிற சத்தமும் இல்லை; கை சும்மா இருக்கிறது என்று எழுதினாள். வந்தவர்கள் அட்டைகளை நின்று படித்துச் சிரித்தார்கள். தான் சொல்வதை ஆட்கள் இப்படிக் கவனிப்பது அவளுக்குப் புதிது.

பத்து வருடமாக அவளோடு அதே கிளினிக்கில் வேலை செய்தவள் சல்மா. கணவருக்கு மாற்றல் வந்ததால் கோத்தா பாருவுக்குக் குடிபோக இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, கடல் தாண்டி அக்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்தில் அவளுக்குப் பஸ். மூன்று மணிக்கு ஃபெரித் துறையில் சந்தித்து, கூடவே அக்கரைவரை போய் வழியனுப்புவதாக ருக்குமணி சொல்லியிருந்தாள்.

அன்று ஒரு மணிக்கு வாசு புதிதாக ஒரு விளையாட்டைத் திறந்து வைத்தான். வண்ணக் கற்கள்; ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் மறையும், மேலிருந்து வேறு கற்கள் விழும். கடிகாரம் இல்லை, எதிராளி இல்லை. மற்ற விளையாட்டுகளில் தோற்றதும் எழுந்துவிடுவாள். இதில் தோற்கவே முடியவில்லை. இந்த ஒரு வரிசை போகட்டும், இந்தப் பச்சை மட்டும் சேரட்டும் என்று இருந்தவள் நிமிர்ந்தபோது மணி மூன்றே முக்கால்.

ஓடிப்போய்ப் பஸ் பிடித்தாள். துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலேகால். சல்மா அங்கே இல்லை. சும்மா போய்விட மனமில்லாமல் ஃபெரியில் ஏறி அக்கரைக்குப் போனாள், அதே ஃபெரியிலேயே திரும்பினாள்.

மறுவாரம் சல்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். இருவரும் எப்போதும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு ஃபெரியை விட்டுவிட்டுக் காத்திருந்ததாகச் சொன்னாள். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள். வயிற்றுவலி என்று ஒரு பொய் ருக்குமணியின் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. விளையாடிக்கொண்டிருந்தேன் என்றாள். சல்மா, பரவாயில்லை லா என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு ருக்குமணி கல் விளையாட்டுக்கு அட்டை எழுதினாள்: 'இருப்பதிலேயே நன்றாகச் செய்த விளையாட்டு இதுதான். இதற்கு முடிவு கிடையாது. நான் ஒரு மணிக்கு உட்கார்ந்தேன். மூன்று மணிக்குப் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை.'

வாசு அதைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

“ஒரு மணி நேரத்துக்கு மூணு வெள்ளி வாங்குறோம், அக்கா. எழுந்திரிக்காம விளையாடுனாத்தான் நமக்கு வாடகை கட்ட முடியும். நீ போய் விளையாடாதேன்னு எழுதி வச்சிருக்க.”

“விளையாடாதேன்னு எங்க எழுதியிருக்கேன்? சரியாப் படி. எனக்கு என்ன ஆச்சுன்னுதான் எழுதியிருக்கேன்.”

“மத்ததுக்கெல்லாம் தமாஷா எழுதுன. இதுக்கும் அப்படி எழுதிட்டுப் போயேன்.”

“மத்ததெல்லாம் விளையாட்டைப் பத்தி. நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு சொல்லிட்டேன். இதுல நான் எப்படி இருந்தேன்னும் சேத்துத்தான் சொல்லணும். ஒட்ட மாட்டேன்னா மத்த கார்டையும் கழட்டிடு, வாசு.”

அவன் அட்டையை இன்னொரு முறை படித்தான். பிறகு தானே பசை தேடி ஒட்டினான்.

அவன் பயந்தது நடக்கவில்லை. அட்டையைப் படித்தவர்கள், அப்படி என்னதான் இருக்கிறது என்று அந்த விளையாட்டையே கேட்டு உட்கார்ந்தார்கள். ருக்குமணிக்கு அது சங்கடமாக இருந்தது. எழுதாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு வாரம் நினைத்தாள். ஆனால் பஸ் ஓட்டுகிற அப்புத்துரை உட்காரும்போதே, தூங்கப் போகிற ஆள் போல, மூன்றரைக்கு என்னை எழுப்பிவிடு தம்பி என்று வாசுவிடம் சொல்லிவைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். முணுமுணுத்துக்கொண்டே என்றாலும் வாசு ஒவ்வொருவரையும் போய்த் தோளில் தட்டினான். தட்டியதும் சிலர் எழுந்தார்கள். சிலர் இன்னும் அரைமணி கேட்டார்கள்.

ருக்குமணியும் எப்போதாவது அதை விளையாடினாள். வெறுக்க முடியவில்லை. எங்கோ தூரத்தில் முகம் தெரியாத யாரோ காசு கேட்காமல் செய்து வைத்தது. அவர்மேல் அவளுக்குக் கோபமில்லை. தன் மதியம் எங்கே போனது என்பதுதான் பிடிபடவில்லை.

சல்மா அதற்குப் பிறகு அதிகம் கூப்பிடவில்லை. டிசம்பரில் ருக்குமணி லீவு போட்டு, மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து கோத்தா பாருவுக்குப் போனாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. சல்மா பஸ் நிலையத்தில் இரண்டு குடைகளோடு நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் புது ஊரைப் பற்றியே பேசினாள். ஈரக் குடைகளை வாசலில் சாய்த்துவிட்டுத்தான், அப்படி என்ன விளையாட்டு அது என்று கேட்டாள்.

ருக்குமணி சொல்லத் தொடங்கினாள். ஒரே நிறத்தில் மூன்று கல் சேர்ந்தால் மறைந்துவிடும் என்றாள்.

“அப்புறம்?” என்றாள் சல்மா.

“அவ்வளவுதான்,” என்றாள் ருக்குமணி. சல்மாவின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. சல்மா அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.