வெளிறிய கட்டம்

“சார், கட்டுரையிலேருந்து என் பேரை எடுத்துடுங்க.”

இதைக் கேட்கவே கூடாது என்று ஆய்வகத்தில் சேர்ந்த அன்றைக்கே அவளை எச்சரித்திருந்தார்கள். “லீவு கேளு, புது நாற்காலி கேளு. பேரை எடுக்கச் சொன்னா ஆளையே எடுத்துடுவார்” என்று சொன்ன சீனியர் அக்கா, இப்போது பக்கத்து மேசையில் காது கேளாதவள் மாதிரி திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள்.

பேராசிரியர் சிரித்தார். “என்னம்மா கலர் பெட்டி, காலையிலேயே சூடா வந்திருக்கே?”

படங்களுக்கு நிறம் தேர்ந்தெடுப்பது அவள் வேலை என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். மருத்துவமனை ஒன்றுக்காக அவர்கள் ஒரு கண்காணிப்புத் திரை செய்திருந்தார்கள். கட்டிலுக்கு ஒரு கட்டம். நோயாளியின் மூச்சும் நாடியும் தடுமாறினால் கட்டம் சிவக்கும். சீராக இருந்தால் வெளிறிய நீலம். செவிலியர் ஒரே பார்வையில் வார்டு முழுவதையும் தெரிந்துகொள்ளலாம். பார்த்தவர்கள் எல்லாம் அசந்துபோனார்கள்.

நேற்று அவள் கால் பட்டுச் சோதனைக் கருவியின் ஒயர் கழன்றது. செக்கச் செவேலென்று இருந்த கட்டம் மெல்ல வெளிறி நீலமானது. தகவலே வராத கட்டிலுக்கும் நிம்மதியாகத் தூங்குகிறவரின் கட்டிலுக்கும் ஒரே நிறம்.

“தகவல் வரலேன்னா அந்தக் கட்டத்துல குறுக்குக் கோடு போடணும் சார்.”

“கோடு போட்டா கண்ணை உறுத்தும். செவிலியர்களை வெச்சு சோதிச்சாச்சே, முக்கால்வாசிப் பேர் நோயாளி நிலையைச் சரியாத்தானே சொன்னாங்க?”

“எதை வெச்சு சரின்னோம்? சரியான விடையையும் இதே படத்தைப் பார்த்துத்தானே எழுதினோம்? நீலம்னா நல்லா இருக்கார்னு நாமளே எழுதிட்டு, அதையே சொன்னவங்களுக்கு மார்க் போட்டிருக்கோம்!”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அடுத்த கட்டுரையில திருத்திக்கலாம். திங்கட்கிழமை வார்டுல திரையை மாட்டறாங்க, இப்ப போய்க் கலாட்டா பண்ணாதே. இந்தக் கட்டுரை இல்லேன்னா உனக்கு டாக்டர் பட்டம் இல்லை. உங்க வீட்ல முதல்முதலா படிச்ச பொண்ணு நீ, யோசிச்சுக்கோ.”

குறி பார்த்து அடித்தார். “எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல கட்டம் போடுறா” என்று அம்மா தெருவெல்லாம் பீற்றிக்கொள்வாள். “கட்டம் போட்ட சட்டையா?” என்று அப்பா சீண்டுவார்.

“ஒயர் கழன்ற கட்டில்ல உங்க வீட்டு ஆள் படுத்திருந்தா, அடுத்த கட்டுரை வரைக்கும் காத்திருப்பீங்களா சார்?”

“வாய் நீளுது.”

“பதில் வரலியே, நீளத்தான் செய்யும்.”

அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “உட்காருடி. கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோ.”

“கடிச்சுக் கடிச்சு உங்களுக்குப் பல்லே இல்லாம போச்சேக்கா.”

அக்காவின் பிடி தளர்ந்தது. விடுபட்ட கையால் அவள் ஆய்வகச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள்.

“எங்கே கிளம்பிட்டே?” என்றார் பேராசிரியர்.

“வார்டுக்கு. இங்கே வர்றதுக்கு முன்னாடியே தலைமைச் செவிலியர்கிட்ட போன்ல பேசிட்டேன். அவங்க கண்ணு முன்னாடி ஒயரைக் கழட்டிக் காட்டப் போறேன்.”

“அப்புறம் இந்தக் கதவு உனக்குத் திறக்காது!”

அவள் அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.