கம்பத்தில் ஏறிய தனபாலன்

பலகையில் பித்தளை மூடி ஒன்று ‘டக்’கென்று விழுந்தது. கூடவே தனபாலனின் நெஞ்சும் விழுந்தது.

மெர்லிமாவ் டெலிபோன் நிலையத்தில் வேலை என்னவோ எளிதுதான். எங்கோ ஒரு தோட்டத்தில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவர்களுடைய மூடி விழும். ‘நம்பர் ப்ளீஸ்’ என்று கேட்டு, கயிற்றைச் செருகி, கேட்ட இடத்துக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கும் இந்த அவசரகாலத்தில் யாருக்கும் பொறுமை இல்லை. போலீஸ் ஒரு பக்கம், தோட்டத்துத் துரைமார் ஒரு பக்கம். நாலு மூடி ஒன்றாக விழுந்தால், எந்தக் கயிற்றைத் தொட்டாலும் மற்ற மூவரும் தன்னைத் திட்டுவதாகவே தனபாலனுக்குத் தோன்றும். வீட்டில் கரண்டி விழுந்தால்கூட ‘நம்பர் ப்ளீஸ்’ என்பான்.

“இது கரண்டிங்க, கமிஷனர் இல்ல” என்று சிரிப்பாள் மனைவி பாக்கியலட்சுமி. அப்புறம் அவன் பாதியில் விட்ட சோற்றைப் பார்த்து முகம் வாடுவாள்.

பக்கத்து நாற்காலியில் கோமளா. அவளுக்கு நாலு மூடி போதாது, எட்டு விழ வேண்டும். ஒருவரைக் கொஞ்சி, ஒருவரை அதட்டி, ஒருவரைக் காக்க வைத்து, நடுவில் கொய்யாப்பழமும் தின்பாள். ஒரே சம்பளம், ஒரே பலகை. அவள் பூத்தாள், இவன் காய்ந்தான்.

வெளியே போய்க் கம்பி பழுதுபார்க்கும் லைன்மேன் பயந்துபோய் வேலையை விட்டதும், அந்த வேலையைத் தனக்குக் கொடுக்கும்படி தனபாலன் கேட்டான். சூப்பர்வைசர் கணேசமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“மின்விசிறிக்குக் கீழ உக்காந்தே நடுங்கற ஆளு நீ. வெளிய காட்டோரம் துப்பாக்கி சுத்துதுய்யா.”

“தெரியும் சார்.”

“லாலான் தோட்டத்து லைன் காலையிலேருந்து செத்துக் கெடக்கு. ஊரடங்குக்கு முன்ன உயிர் வரணும். வந்தா வேலை உனக்கு. வரலன்னா திரும்பிப் பலகைக்கே வந்துடணும். அப்புறம் இந்தப் பேச்சே கூடாது.”

லாரியில் காவலுக்கு வந்த கான்ஸ்டபிள் பெரியதம்பி வழியெல்லாம் முனகினான். “கம்யூனிஸ்ட் வயர வெட்டிட்டு அங்கேயே குந்தியிருப்பான் அண்ணே. நீங்க மேல ஏறுவீங்க, நான் கீழ நிப்பேன். மொதல்ல யாரச் சுடுவான் சொல்லுங்க?”

“உன்னத்தான். துப்பாக்கி உங்கிட்டதானே இருக்கு.”

சொன்ன பிறகுதான், தான் கேலி பேசியதையே தனபாலன் உணர்ந்தான்.

லாரியை விட்டிறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே கம்பிகளைப் பார்த்தபடி நடந்தான். மழை விட்டிருந்தது. கம்பம் தாண்டிக் கம்பம். ஒரு கம்பி, அதன் துணைக்கு இன்னொரு கம்பி, இரண்டும் ஒட்டாமல் ஓடின. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கவனிக்க ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. வயிறு பசித்தது, அது அவனுக்கே அதிசயமாக இருந்தது.

எங்கும் வெட்டு இல்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்து முனைக்கு வந்ததும் நின்றான். மாரியம்மன் திருவிழா. ஊரடங்குக்குப் பயந்து அம்மன் இந்த வருஷம் பகலிலேயே புறப்படுகிறாள். பாதைக்குக் குறுக்கே கட்டிய தென்னங்குருத்துத் தோரணத்தின் நுனியை, வாகாக இருந்ததென்று, டெலிபோன் கம்பிகளிலேயே சுற்றி இறுக்கியிருந்தார்கள். இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பேச்செல்லாம் அந்த இடத்திலேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

“அறுத்து எறிங்கண்ணே, போவோம்” என்றான் பெரியதம்பி.

தோரணம் கட்டிய முத்தாயி முன்னால் வந்து நின்றாள். “அறுக்காத தம்பி. ஆத்தா கெளம்பிட்டா. அவ வர்ற நேரத்துல தோரணம் அறுந்து கெடக்கலாமா?”

மேளம் கேட்டது. பலகை முன்னால் என்றால் இந்நேரம் கை உதறியிருக்கும். ஒரு பக்கம் அம்மன், ஒரு பக்கம் ஊரடங்கு. தனபாலன் தன் கையைப் பார்த்தான். அது பாட்டுக்குச் சும்மா இருந்தது.

“அறுக்கல அக்கா. ஒரு முழம் எறக்கிக் கட்டறேன். கீழேருந்து கழியால தாங்கிப் பிடிங்க, தரையில படாம.”

பழைய லைன்மேன் விட்டுப்போன இடுப்புவாரை மாட்டி ஏறினான். முடிச்சு மழையில் ஊறி இறுகியிருந்தது. அவசரப்படாமல் நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தான். கம்பிகள் விடுபட்டு விலகி, மெல்ல அதிர்ந்து நின்றன. தோரணத்தைக் கம்பத்து மரத்திலேயே இறுக்கிக் கட்டினான். கீழே பெண்கள் குலவையிட்டார்கள்.

தோளில் தொங்கிய சோதனை டெலிபோனைக் கம்பியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினான்.

“நம்பர் ப்ளீஸ்” என்றது கோமளாவின் குரல்.

“நம்பர் வேணாம் கோமளா. லாலான் லைன் பேசுது.”

“தனபாலன் அண்ணனா? கொரலே வேற ஆளு மாதிரி இருக்குலா.”

சூப்பர்வைசர் அவளிடமிருந்து ரிசீவரைப் பிடுங்கியிருக்க வேண்டும். “எவன்யா வெட்டினது?”

“யாரும் வெட்டல சார். அம்மனுக்குத் தோரணம் கட்டியிருந்தாங்க. எறக்கிக் கட்டிட்டேன்.”

“சரி, எறங்கி வா. அந்த இடுப்புவாரை நீயே வெச்சுக்க.”

இறங்கவில்லை அவன். வாரில் சாய்ந்து கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டான். எட்டத்தில் மெர்லிமாவ் கூரைகள் மழை கழுவிய வெயிலில் மின்னின. முத்தாயி மேலே பார்த்து, “தம்பி, எறங்கி வந்து சாப்புடு, சோறு வடிச்சிருக்கு” என்று கூப்பிட்டாள். “ரெண்டு இலை போடுங்க அக்கா, ரெண்டும் எனக்குத்தான்” என்றான். பெரியதம்பி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மன் தலையில் இடிக்காதபடி தோரணத்தைக் கழியால் உயர்த்திப் பிடித்தான். அம்மன் தோரணத்தை நெருங்கினாள். தலைக்கு மேலே யாரோ யாரையோ கூப்பிட, இரண்டு கம்பிகளும் ஈரத்தை உதறிக்கொண்டு பாடின.