நீலக்கவசத்தின் மூச்சு

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், செத்துப்போன கதிர்வேல் கூடத்துக்கு வந்து பேச ஆரம்பித்துவிடுவான். "பயப்படாதீங்க! நான் இருக்கேன்ல!" என்று டிவிக்குள்ளிருந்து அவன் சொல்லும்போது, சமையற்கட்டில் அவன் மனைவி மஞ்சுளா எந்த வேலையில் இருந்தாலும் கை நின்றுவிடும். பதினாலு மாதமாக இதே கதைதான். திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்கும் நகைக்கடைக்கும் ஆட்டோவில் விளம்பரம் பேசிக்கொண்டிருந்தவன், கடைசி ஆறு வருஷம் நீலக்கவசம் என்கிற கார்ட்டூன் வீரனுக்குத் தமிழில் குரல் கொடுத்தான். மகள் கனிஷ்காவுக்கு ஒன்பது வயது. டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அப்பா போட்டோவுக்குப் பூ வைக்கச் சொன்னால் மட்டும் ஓடிவிடுவாள்.

நீலக்கவசம் கம்பெனிக்குப் பரம வைரியான கம்பெனி ஒன்று உண்டு. அவர்களுடைய வல்லூறு என்ற வீரனுக்கும் கதிர்வேல்தான் பேசினான். கடல் கடந்த ஊரில் இரண்டு கம்பெனியும் கீரியும் பாம்பும். இங்கேயோ இரண்டு வீரர்களும் ஒரே ஆள், அதுவும் மஞ்சுளாவின் புடவை பீரோவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வியர்வை சொட்டச் சொட்டப் பேசுகிற ஆள். எதிரொலி வராமல் இருக்கப் பட்டுப்புடவையை மிஞ்சி ஒன்றும் இல்லை என்பான்.

வல்லூறு கம்பெனிக்காரர்களுக்கு ஈவிரக்கம் கிடையாது. பொம்மை விற்கவில்லை என்றதும் தொடரைப் பாதியில் நிறுத்தி, பழைய பாகங்களையும் ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டார்கள். கடைசியாக வந்த பாகத்தில் வல்லூறு ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து விழுந்துகொண்டிருந்தான். அடுத்த ஆறு பாகத்துக்கும் கதிர்வேல் பேசி முடித்திருந்தான். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். "பொழச்சானா இல்லீங்களா, எனக்கு மட்டும் சொல்லுங்கப்பா" என்று கனிஷ்கா எவ்வளவு கெஞ்சியும் சிரித்தானே ஒழிய வாயைத் திறக்கவில்லை. அதையும் கூடவே கொண்டுபோய்விட்டான், பாவி மனுஷன்.

நீலக்கவசம் கம்பெனி இதற்கு நேர்மாறு. அவர்களுக்கு எதையும் முடிக்கத் தெரியாது. வீரன் செத்தால் அடுத்த வருஷம் பிழைப்பான், வில்லன் செத்தால் அவனுடைய தம்பி வருவான். "ஒருத்தன் பாதியிலயே கழுத்த நெரிச்சுப்போடறான், இன்னொருத்தன் செத்தாலும் உடமாட்டீங்கறான்" என்று கதிர்வேல் சொன்னபோது மஞ்சுளா வயிறு குலுங்கச் சிரித்தாள். இப்போது அது அவனுக்கே பலித்துவிட்டது.

நீலக்கவசத்துக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப் பாகங்கள் வரப்போகின்றன. அதே குரல்தான் வேண்டுமாம். ஆள் இல்லாவிட்டால் என்ன, பழைய பதிவுகளைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே கதிர்வேலாகப் பேசிவிடும், மனைவி சம்மதம் கொடுத்தால் போதும். சென்னை டப்பிங் ஸ்டூடியோவில் இருக்கும் வேலுமணி, கதிர்வேலின் சிநேகிதன், இதைச் சொன்ன அன்று மஞ்சுளாவுக்குச் சோறு இறங்கவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அதற்காகச் செத்தவனை வேலைக்கு அனுப்புவதா? ஆனால் மாட்டேன் என்றால் வேறு எவனோ ஒருவன் நீலக்கவசத்துக்குள் புகுந்து பேசுவான். பிள்ளைக்கு அப்பா இரண்டாம் தடவை செத்த மாதிரி ஆகிவிடும். அதை நினைத்துத்தான் சரி என்றாள்.

தறிச்சத்தம் கலக்காத பதிவாக அனுப்பச் சொன்னான் வேலுமணி. அதுதான் குதிரைக்கொம்பு. வீட்டைச் சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள், பீரோவுக்குள் தலையை விட்டாலும் பின்னால் சடக்கு சடக்கு என்று கேட்கும். கதிர்வேலின் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். கடைசி மூன்று மாதப் பதிவுகள் மட்டும் பளிங்காக இருந்தன. அப்போது கூலி உயர்வு கேட்டுத் தறிகளெல்லாம் நின்றுபோயிருந்தன. அத்தனையையும் அள்ளி அனுப்பினாள்.

இன்று கம்ப்யூட்டர் பேசிய மாதிரிக் குரல் வந்திருந்தது. மஞ்சுளா சமையற்கட்டுச் சுவரில் சாய்ந்து செல்போனைக் காதில் வைத்தாள்.

"வடக்கு வாசல் பக்கம் யாரும் போகாதீங்க. முன்னால நான் போறேன். நீங்க பின்னால வாங்க."

ஐயோ, அவனேதான். அவன் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் பேசாத வார்த்தைகள். சந்தோஷமா பயமா என்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மறுபடி போட்டாள். 'முன்னால' என்ற சொல்லுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு விசில். 'வாங்க' என்று முடிகிற இடத்தில் இன்னொன்று. நுரையீரலில் நீர் கோத்து, ஒவ்வொரு வரிக்கும் பீரோப் பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றானே, அந்த இளைப்பு. வேலை போய்விடும், கம்பெனிக்குச் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவளும், "வெறும் சளிதானுங்ண்ணா" என்று வேலுமணியிடம் சாதித்திருந்தாள்.

நிமிர்ந்தால் வாசற்படியில் கனிஷ்கா.

"அப்பாவாம்மா? இன்னொருக்கா போடு."

பிள்ளை போனைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். நெற்றி சுருங்கியது.

"ஏம்மா, அங்க போயும் அப்பாவுக்கு எளப்பு நிக்கலையா?"

அதற்குள் போன் அடித்தது. மஞ்சுளா அதை வாங்கிச் சமையல் மேடையில் சுவரோரம் சாய்த்து வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள். கனிஷ்கா அடுப்புப் பக்கம் நகர்ந்தாள்.

"கேட்டியாம்மா மஞ்சுளா? எப்படி, அச்சு அசல் நம்ம கதிருதானே?" வேலுமணி சந்தோஷத்தில் கத்தினான். "சம்மதத்துக்கு ஆறு நம்பர் ஓடிபி வந்திருக்கும் பாரு. அதச் சொல்லீட்டயினா முடிஞ்சுது. ஆறு மணி வரைக்குந்தான் டைமு."

"அண்ணா, அவருக்கு மூச்சு எளைக்குதுங்ண்ணா."

"என்னம்மா சொல்ற? இங்க ஆருக்கும் அப்படிக் கேக்கலியே." கொஞ்சம் யோசித்தான். "கேட்டாலும் போகுது உடு. ஒரு நிமிச வேலை, தொடச்சுப்போடலாம்."

ஒரு நிமிஷம். மூன்று மாதம் ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். எந்த டாக்டராலும் ஆகவில்லை. துடைத்துவிடுவார்களாம். துடைத்துவிட்டால் அவன் இனி நோகாமல் பேசுவான், சாகாமலும் பேசுவான். அந்தக் குரலில் அந்த மூச்சு ஒன்றுதான் அவன் சொந்தமாக இழுத்த மூச்சு என்று அவளுக்கு மட்டும் தெரியும். ஆனால் அது இருந்தால் பிள்ளை தினமும் கேட்டுத் தவிக்கும்.

"மஞ்சுளா? லைன்ல இருக்கியாம்மா? நம்பரச் சொல்லு."

ஆறு எண்களும் திரையில் தெரிந்தன. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கனிஷ்கா டம்ளர் நிறையச் சுடுதண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் அடி மேல் அடி வைத்து வந்தாள். போனை ஒட்டினாற்போல் வைத்துவிட்டுக் குனிந்தாள்.

"ஊதி ஊதிக் குடிங்கப்பா. அப்புறமாப் பேசலாம்."

"ஹலோ... ஹலோ..." என்றது போன். ஆவி பட்டு அதன் கண்ணாடி வேர்த்தது. ஒவ்வொரு எண்ணாக மங்கிக்கொண்டிருந்தது.