பதினைந்து டிகிரி

விசாரணை பதினோரு மணிக்கு. லேத்காரர் ஒன்பதரைக்கே வந்து காப்புரிமை அலுவலகத்தின் மூன்றாவது மாடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் இருந்து மட்டும் என்ன செய்ய? அங்கேயும் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தச் சுவரில் படங்களாவது இருந்தன. உலகத்துக் கண்டுபிடிப்பாளர்கள் தாடியும் மீசையுமாகத் தொங்கினார்கள். ஒவ்வொருவருக்குக் கீழேயும் ஒரு பித்தளைத் தகடு. பெயர், பொருள், ஆண்டு. கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி காலியாக இருந்தது. அதை அவர் இரண்டு முறை பார்த்துவிட்டு, யாராவது கவனித்துவிட்டார்களோ என்று திரும்பிக்கொண்டார்.

மனைவி போய்ச் சேர்ந்து நான்கு வருடம். மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். ஒன்பது நிமிடம் பேசுவான். மற்ற ஆறு நாட்களும் வாய்க்கு வேலை சாப்பிடுவது மட்டும்தான். சில நாள் பால்காரரிடம் "சில்லறை இல்லையே" என்று சொன்னதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். தெருவில் அவருக்கு 'விஞ்ஞானி' என்று பெயர். மரியாதையில் வைத்த பெயர் இல்லை. "விஞ்ஞானி, ராக்கெட் எப்ப கிளம்புது?" என்று இஸ்திரிக்காரர் தினமும் கேட்பார். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்பதற்காகவே லேத்காரர் அந்தப் பக்கமாக நடப்பார்.

ராக்கெட் இல்லை. பாட்டில் மூடி திறக்கும் கருவி. சுவரில் மாட்டும் ஒரு இரும்புச் சட்டம், அதில் இரண்டு பல்தாடைகள். மூடியை இடையில் செருகி ஒரே கையால் பாட்டிலைத் திருகினால் போதும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பக்கவாதத்தில் மனைவியின் இடது கை விழுந்துபோனபோது அவளுக்காகச் செய்தது. ஒரு பாத்திரக் கம்பெனி அதைத் தயாரிக்கத் தயாராக இருந்தது. காப்புரிமை கிடைத்தால், பெட்டியின் மேல் 'கண்டுபிடித்தவர்' என்று போட்டு அவர் பெயரை அச்சிடுவார்களாம். மற்றதெல்லாம் அவர் காதில் விழவில்லை. அந்த ஒரு வரி விழுந்தது.

பத்தரைக்கு ஏஜென்ட் வந்தார். மனு எழுதிக் கொடுத்து, விசாரணையில் வாதாடுகிறவர். வாய் ஓயாத மனிதர். தொலைபேசிக்கு உரிமை கேட்டு ஒரே நாளில் இரண்டு பேர் மனு போட்ட கதை, தகர டப்பா வந்து நாற்பது வருடத்துக்கு மேல் அதைத் திறக்க ஆயுதம் இல்லாமல் உளியும் சுத்தியலுமாக மல்லுக்கட்டிய கதை, கார் கண்ணாடி துடைக்கும் கையை ஒரு பெண் கண்டுபிடித்தும் உரிமைக்காலம் தீரும்வரை ஒரு கம்பெனியும் சீண்டாத கதை என்று அடுக்கினார். சட்டென்று நிறுத்தினார்.

"சார், நேத்து சாயங்காலம் நம்ம மனுவப் பரிசீலிக்கிற தேர்வாளர் ஒரு புது ஆவணம் அனுப்பியிருக்காங்க. பதினோரு வருஷத்துப் பழைய பெண்கள் பத்திரிகை. வாசகியர் குறிப்புப் பகுதி." பையிலிருந்து ஒரு தாளை உருவினார். "விலாசத்தைப் பாருங்க. உங்க வீடு."

லேத்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

'என் கணவர் எனக்காகப் பாட்டில் மூடி திறக்கும் சட்டம் ஒன்று செய்து சமையலறைச் சுவரில் மாட்டினார். மூடி வழுக்கிக்கொண்டே இருந்தது. அவர் வேலைக்குப் போன நேரத்தில், ஒரு தாடையின் திருகைத் தளர்த்தி, சாய்த்து, பின்னால் சைக்கிள் டியூப் துண்டை ஒட்டினேன். மதியம் பன்னிரண்டரைக்கு மணி முள் நிற்குமே, அந்த அளவு சாய்வு. இப்போது திருகத் திருகப் பிடி இறுகுகிறது. மாலையில் வந்து பார்த்தவர், தானே அப்படி மாட்டியதாக நினைத்துக்கொண்டார். நான் சொல்லவில்லை. மனிதர் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.'

அவர் மறுபடி படித்தார். அந்தச் சாயங்காலம் நன்றாக நினைவிருந்தது. மூடி 'டக்'கென்று கழன்றது. அடேயப்பா, நம் கைக்கு என்ன ராசி என்று தன்னையே மெச்சிக்கொண்டார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். சில மாதம் கழித்து ஆறு எவர்சில்வர் டம்ளர் வந்தது. குலுக்கலில் விழுந்தது என்றாள். பத்திரிகைக்காரன் அனுப்பிய பரிசு அது என்று இப்போதுதான் புரிந்தது. இன்று காலைகூட அதில்தான் காப்பி குடித்தார்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வந்தார். இதெல்லாம் புதிது என்று மனுவில் உரிமை கேட்ட மூன்று கோரிக்கைகளில் முதல் இரண்டும் ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டுவிட்டன. மிச்சம் மூன்றாவது மட்டும். தாடையைப் பதினைந்து டிகிரி சாய்த்து, பின்னால் ரப்பர் கொடுப்பது. மனு போடுவதற்கு முன்பே யாராவது அதை அச்சில் சொல்லியிருந்தால் உரிமை கிடையாது. சொன்னவர் சொந்த மனைவியாக இருந்தாலும் கிடையாது.

"ஆனா பயப்படாதீங்க. இதுல டிகிரி கணக்கே இல்ல. ஏதோ முள்ளு, மதியம்னு அம்மா எழுதியிருக்காங்க. இதப் படிச்சு இந்தக் கருவியச் செய்ய முடியுமான்னு கேப்பாங்க. முடியாதுன்னு ஒரு வார்த்தை. சமையல்கட்டுக் குறிப்பு, தொழில் தெரியாதவங்க எழுதினதுன்னு நான் ஊதித் தள்ளிடறேன்."

லேத்காரர் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருடம் லேத்தில் நின்றவர். அந்த வரியைப் படித்தவுடனேயே மனசு கணக்குப் போட்டுவிட்டது. ஏஜென்ட் போடவில்லை. தேர்வாளர் போட்டிருப்பாரா?

தேர்வாளர் நாற்பது வயதுப் பெண். மேஜை நிறைய கோப்புகள். ஏஜென்ட் பத்து நிமிடம் பேசினார். சாய்வு என்று மட்டும் சொன்னால் போதாது, எவ்வளவு என்று சொல்ல வேண்டும், ஒரு டிகிரியும் சாய்வுதான், எண்பதும் சாய்வுதான் என்று மேஜையைத் தட்டாத குறையாக அடித்துச் சொன்னார். தேர்வாளர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் லேத்காரருக்குத் தெரிந்துவிட்டது. இவரும் கணக்குப் போடவில்லை.

பெட்டியும் அதன் மேல் அவர் பெயரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

"ஐயா, நீங்க தொழில் தெரிஞ்சவர்," என்றார் தேர்வாளர். "இந்தக் குறிப்ப மட்டும் கையில கொடுத்தா, ஒரு ஃபிட்டரால இதச் செய்ய முடியுமா?"

மேஜைக்கு அடியில் ஏஜென்டின் ஷூ அவர் காலைத் தொட்டது.

தொழில் தெரியாதவள். ஒற்றைக் கையோடு திருகைத் தளர்த்தி, டியூபை வெட்டி, ஒட்டி, அது காயும்வரை பிடித்துக்கொண்டு நின்றவள். டியூபை எதால் பிடித்துக்கொண்டு வெட்டினாள்? பல்லாலா? அவர் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பதற்கு.

"முடியும் மேடம்."

ஏஜென்ட் பேனாவை மூடிவிட்டார்.

"வட்டம் முன்னூத்தி அறுபது. மணிக்கு முப்பது. பன்னிரண்டரைன்னா அதுல பாதி," என்றார் லேத்காரர். "பதினஞ்சு. அளவெல்லாம் சரியா எழுதியிருக்கா. நான்தான் அதப் பாத்து காப்பி அடிச்சிருக்கேன், எனக்கே தெரியாம."

தேர்வாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவான குரலில், இதைச் சொல்லாமலே இருந்திருந்தால் இன்று உங்கள் பக்கம்தான் தீர்ப்பு என்றார். தெரியும் என்றார் லேத்காரர்.

"அப்ப மூன்றாவது கோரிக்கையும் போச்சு. மனு நிராகரிப்பு. உத்தரவுல முந்தைய ஆவணம்னு இந்தக் குறிப்பக் காட்டணும்." தேர்வாளர் தட்டச்சு செய்துகொண்டே வாசித்தார். "எழுதியவர், திருமதி..." என்று சொல்லி, லேத்காரருடைய பெயரையே வாசித்தார். பத்திரிகையில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான் போடுவார்கள்.

"மேடம், அது என் பேரு."

"அச்சுல அப்படித்தான் இருக்கு ஐயா."

"இருக்கட்டும். அவ பேரப் போட முடியுமா? எப்பவாச்சும் எவனாவது இந்தக் கோப்பத் தேடி எடுத்தா, நான் எழுதினதா நெனச்சுடக் கூடாது."

தேர்வாளர் யோசித்தார். விண்ணப்பதாரர் கூற்றுப்படி என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி சேர்க்கலாம் என்றார். "சொல்லுங்க."

முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் 'இந்தா', 'கேட்டியா', 'எங்க இருக்க' என்றே காலம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரிப் படிவத்தில்கூட மகன்தான் எழுதினான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பெயரைச் சொன்னார். சரியாகக் கேட்கவில்லை என்றார் தேர்வாளர். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார்.

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். மூன்றாவது எழுத்தில் குரல் பிசகியது. நிறுத்திவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். தேர்வாளர் அவசரப்படுத்தவில்லை.